கட்சிச் சண்டை அன்றும் இருந்ததுதானே, இன்று மட்டும் என்ன புதுசு?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2024

தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்து எல்லோரும் ஒரே பல்லவி. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வந்துதான் சொந்தபந்தம் பிரிந்ததாம். எங்கள் ஊரில் 1970களிலேயே எம்ஜிஆர் கட்சிக்கு ஒரு டீக்கடை, கலைஞர் கட்சிக்கு ஒரு டீக்கடை. அண்ணன் தம்பி பேசாமல் இருந்ததும் உண்டு. அப்போது யார் கையில் ஃபோன் இருந்தது? மனுசன் குணம் மாறவில்லை, சண்டை போடும் இடம்தான் மாறியிருக்கிறது. இதில் புதுசாக என்ன இருக்கிறது?

9 ஜூன் 2024, இரவு 10.40

புதுசு இருக்கிறது.

காங்கேயம் பக்கம் எங்கள் ஊரிலும் இரண்டு டீக்கடை இருந்தது. 1989 சட்டமன்றத் தேர்தல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரட்டை இலை முடங்கி, ஒரே கட்சி இரண்டாகப் பிரிந்து, சேவல் ஒரு பக்கம், இரட்டைப் புறா ஒரு பக்கம் நின்ற தேர்தல். எங்கள் அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பாதி மீசைக்குப் பந்தயம் கட்டித் தோற்றார். மறுநாள் சலூன் வாசலில் ஊரே நின்று பார்க்க, மீசையை எடுத்தது அந்தத் தோட்டத்துக்காரர். சிரிப்பில் கை ஆடி அப்பா உதட்டுக்கு மேல் ஒரு கீறல் வேறு. அதே மாதம் எங்கள் கிணற்று மோட்டார் நின்றபோது தன் தோட்டத்துத் தண்ணீரை எங்கள் வெங்காயத்துக்குத் திருப்பிவிட்டவரும் அவர்தான்.

அந்தக் காலம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. கொடிக்கம்பத்தை வெட்டினார்கள், ஆள் வைத்து அடித்தார்கள், கேஸ் நடந்தது. ஆனால் எதிர்க்கட்சிக்காரன் என்றால் அப்பாவுக்குத் தெரிந்தது அந்தத் தோட்டத்துக்காரர் முகம். அவர் மாட்டுக்கு என்ன நோய், மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். கட்சி அதில் ஒன்று.

இப்போது என் கதை. எங்கள் 1998 பிளஸ் டூ பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் 63 பேர் இருந்தோம். நான் அட்மின். பிறந்தநாள் வாழ்த்து, பிள்ளைகளின் மார்க், யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் பத்து நிமிடத்தில் ஆள். இந்தத் தேர்தல் முடிந்தபோது 44 பேர். போனவர்களில் ஒருவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். தேங்காயைக் கொப்பரைக்குக் காயவைக்கும் களம் வைத்திருக்கிறான். நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக அவன் களத்து மோட்டார், தோட்டத்து போர்வெல் மோட்டார் எல்லாம் என்னிடம்தான் வரும். ஏப்ரலில் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போனான். மே மாதம் அவனுடைய மோட்டார் டெம்போவில் என் கடையைத் தாண்டி வெள்ளக்கோயிலுக்குப் போனது. கடை வாசலில் நின்று நானே பார்த்தேன்.

அவன் எந்தக் கட்சி, நான் எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த வரியோடு எங்களில் ஒருவனை வெறுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

10 ஜூன் 2024

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. கருத்து வேறுபடுவது வேறு, ஆளைப் பிடிக்காமல் போவது வேறு. இந்த இரண்டாவதைத்தான் அரசியல் ஆய்வாளர்கள் தனியாக அளக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு ஒரு மனத் தெர்மாமீட்டர் உண்டு. எதிர்க்கட்சி மேல் உங்களுக்கு எத்தனை டிகிரி பிரியம், 0 முதல் 100க்குள் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். வரி, மருத்துவம், குடியேற்றம் பற்றிய கருத்தில் மக்கள் அவ்வளவாக விலகாதபோதும் இந்தத் தெர்மாமீட்டர் மட்டும் பல வருடமாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் சாந்தோ ஐயங்காரும் கூட இருந்தவர்களும் 2012ல் இதைப் பற்றி எழுதினார்கள். உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960ல் கேட்டபோது நூற்றுக்கு ஐந்து பேர்கூட ஆமாம் சொல்லவில்லை போல. 2010ல் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவர் ஆமாம் என்றார்கள்.

அதே ஐயங்கார் இன்னொருவரோடு சேர்ந்து 2015ல் வெளியிட்ட சோதனை இன்னும் கசப்பு. இரண்டு மாணவர்களின் விண்ணப்பத்தைக் கொடுத்து யாருக்கு ஸ்காலர்ஷிப் என்று கேட்டார்கள். மாணவர் எந்தக் கட்சிச் சார்பு என்பதும் அதில் ஓரமாகத் தெரியும். ஐந்தில் நான்கு பேர் தங்கள் கட்சிப் பிள்ளைக்கே கொடுத்தார்கள், மற்றவனுக்கு மார்க் அதிகம் இருந்தபோதும் பெரும்பாலோர் அப்படித்தான்.

11 ஜூன் 2024

திருத்தம். நேற்றைய 1960 கணக்கில் "ஐந்து பேர்கூட இல்லை" என்றது தப்பு. ஒரு கட்சியில் 5, மற்றதில் 4 சதவீதம். தவிர, இரண்டு சர்வேயிலும் கேள்வி ஒரே வார்த்தையில் கேட்கப்படவில்லை, அதனால் நூல் பிடித்த மாதிரி ஒப்பிட முடியாது. மாறிய திசையில் சந்தேகமில்லை.

கீழே ஒருவர் கேட்டிருந்தார்: அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று. நியாயமான கேள்வி. நம்மூரில் கல்யாணத்துக்கு முதல் கேள்வி சாதி. வரன் பார்க்கும்போது கட்சியைக் கேட்கிற நிலை வரும் முன்பே கதவு சாத்தியிருக்கும். அதனால் கல்யாணத்தை வைத்து இங்கே இதை அளக்க முடியாது. நம்மூருக்கு அளவுகோல் நல்லது கெட்டதுதான். வீட்டில் ஒரு காரியம் என்றால் யார் வந்து நிற்கிறார்கள், யார் வரவில்லை. பந்தியில் யார் பரிமாறுகிறார்கள். மோட்டார் யார் கடைக்குப் போகிறது.

13 ஜூன் 2024

இரண்டு வார்த்தைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "எரியுதா?" ஒன்று. "கதறல்" இன்னொன்று.

தமிழில் அரசியல் பதிவு போடுகிறவர்கள் நாளெல்லாம் புழங்கும் சொற்கள். ஒரு பதிவு எடுபட்டதா என்பதற்கு, "செம கதறல் மாப்ள, கமெண்ட்ல போய்ப் பாரு" என்கிறார்கள். நாம் சொன்னதை எதிராளி ஒப்புக்கொண்டானா, ஒரு நிமிடமாவது யோசித்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. அவனுக்கு வலித்ததா என்பதுதான் மார்க். கட்சித் தலைவர் தோற்றால்கூட அவருடைய கொள்கை தோற்றதில் கிடைக்கும் சந்தோஷம் குறைவு. அவர் ஆட்கள் அழுகிற வீடியோ கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா.

என் தொழிலில் எரிகிறது என்பது கெட்ட வார்த்தை. "அண்ணா, மோட்டார் எரிஞ்சு போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டு கடைப் படியேறுகிறவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. மூடியைக் கழற்றினால் வார்னிஷும் செம்பும் சேர்ந்து கருகிய வாடை மூக்கில் ஏறும், கையைக் கழுவினாலும் ராத்திரி சோற்றில் வரும். வயலில் பயிர் காய்கிறது, நாலாயிரமோ ஐயாயிரமோ செலவு நிற்கிறது. எரிந்தது என்று சொல்கிற ஆளைப் பார்த்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை. ஃபோனில் மட்டும் எப்படி வந்தது அந்தச் சிரிப்பு?

அப்புறம் பட்டப்பெயர்கள். "இருநூறு ரூபாய் உபி" (உபி என்றால் உடன்பிறப்பு), "சங்கி", "அடிமை", "டம்ளர்", "அணில்". ஒவ்வொரு கட்சிக்கும் ஒன்று தயாராக இருக்கிறது. டீக்கடையிலும் பட்டப்பெயர் உண்டு, ஆனால் அது ஆளுக்கு ஆள் வேறு. தோட்டத்துக்காரரை அப்பா "சேவக்கட்டு" என்றுதான் கூப்பிடுவார், அவருக்கு மட்டும் பொருந்திய பெயர். இப்போது இருப்பது லட்சம் பேருக்கு ஒரே பெயர். அந்தப் பெயரை ஒட்டியதும் அவன் என்ன பேசினாலும் காது கேட்பதில்லை. இருநூறு ரூபாய், அதாவது பதிவு போடக் காசு வாங்குகிறவன் என்று சொல்லிவிட்டால், அவனுக்குச் சொந்தமாக ஒரு நம்பிக்கை இருக்கும் என்ற எண்ணமே போய்விடுகிறது. காசுக்குப் பேசுகிறவனிடம் என்ன விவாதம்?

2 ஜூலை 2024

இதில் கம்பெனிகளின் பங்கை மறந்துவிடக் கூடாது. ஃபேஸ்புக் 2017ல் லைக் ஒன்றுக்கு ஒரு மதிப்பு என்றால், கோப முக இமோஜி உள்பட மற்ற இமோஜிகளுக்கு ஐந்து மதிப்பு வைத்து, எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவு செய்தது. கோப முகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் விஷமும் அதிகம் என்று அவர்களுடைய ஆட்களே எழுதி வைத்தார்கள். 2020ல்தான் அந்த ஒரு முகத்தின் மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினார்கள். நடுவில் மூன்று வருடம்.

ட்விட்டரில் துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஓரினத் திருமணம், பருவநிலை என்ற மூன்று விஷயங்கள் பற்றி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து 2017ல் ஓர் ஆய்வு வந்தது. தர்ம அதர்மமும் உணர்ச்சியும் கலந்த ஒரு சொல், அதாவது "அநியாயம்", "வெட்கக்கேடு" போன்ற சொல், கூடுதலாக ஒன்று இருந்தால் மறுபகிர்வு சுமார் 20 சதவீதம் ஏறுகிறது. அதுவும் பெரும்பாலும் சொந்த அணிக்குள்ளேயே. 2021ல் வந்தது இன்னும் நேரடி. ஃபேஸ்புக், ட்விட்டர் இரண்டிலுமாக அமெரிக்க ஊடகங்களும் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் போட்ட 27 லட்சம் பதிவுகள். எதிர் அணியைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பகிரப்படும் வாய்ப்பு 67 சதவீதம் கூடியது. நம் கட்சி என்ன செய்தது என்று எழுதுவதைவிட, அவன் எவ்வளவு கேவலம் என்று எழுதினால் ஓடுகிறது. எழுதுகிறவனுக்கு ஒரு வாரத்தில் இது பிடிபட்டுவிடும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

3 ஜூலை 2024

நேற்று எழுதியதை இன்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரியில்லை. எங்கள் குரூப் உடைந்தது வாட்ஸ்அப்பில். வாட்ஸ்அப் குரூப்பில் எதை மேலே காட்டுவது என்று கணக்குப் போடும் மெஷின் கிடையாது. வந்த வரிசையில்தான் வரும். ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதென்று இந்தியாவில் 2018லேயே கட்டுப்பாடு வந்தது. பலமுறை சுற்றி வந்த, இரட்டை அம்பு போட்ட செய்தியை 2020லிருந்து ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்ப முடியும். அப்படியும் உடைந்தது. எக்ஸிலும் (பழைய ட்விட்டர்தான்) ரீல்ஸிலும் கோபத்துக்குச் சூடேறி மேலே வந்த துண்டு வீடியோவை எங்கள் கைதான் இங்கே கொண்டுவந்து கொட்டியது.

ஏப்ரல் மாதத்துச் செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அரசியல் ஃபார்வர்டு அத்தனையும் ஏழெட்டுப் பேர் அனுப்பியது. மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. குரூப்பை விட்டுப் போன 19 பேரில் முக்கால்வாசி அந்த வாய் திறக்காதவர்கள்தான். அரசியல் காய்ச்சல்காரர்கள் மிச்சம் இருக்க, மற்றவர்கள் வெளியேறினால் அந்த அறை எப்படி இருக்கும்? உள்ளே இருக்கும் நாங்கள் "ஊரே இப்படித்தான் இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டோம்.

5 ஜூலை 2024

முதல் கேள்வி கேட்டவருக்கு ஆதரவாக ஒன்று இருக்கிறது, மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2017ல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தப் பிளவு வேகமாக வளர்ந்தது வயதானவர்களிடம் என்று வந்தது. இன்டர்நெட்டை ஆகக் குறைவாகப் பயன்படுத்தியவர்கள் அவர்கள்தான். ஆகவே ஃபோன் மட்டும் காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது.

எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. பட்டன் ஃபோன். ராத்திரி எட்டு மணிக்கு டிவி விவாதம் ஆரம்பித்தால் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், நெறியாளர் அதற்கு மேல் கத்துவார். அதிலிருந்து நாற்பது நொடி வெட்டித்தான் மறுநாள் எங்கள் குரூப்புக்கு வருகிறது. பாதி மீசை எடுத்துக்கொண்ட அதே மனுசன் இப்போது திரையைப் பார்த்து "இவனையெல்லாம்" என்று பல்லைக் கடிக்கிறார். அந்தத் தோட்டத்துக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எதிர்க்கட்சிக்கென்று அப்பாவுக்கு இப்போது தெரிந்த முகம் டிவியில் வரும் முகம் ஒன்றுதான்.

18 ஆகஸ்ட் 2024

"மாற்றுக் கருத்துள்ளவர்களைப் பின்தொடருங்கள், மனது விரியும்" என்று இங்கே இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் செய்து பார்த்தேன். எதிர் அணியில் பேர் பெற்ற பத்துக் கணக்குகள். விரியவில்லை. காலையில் பல் விளக்கும்போதே கோபம்.

நான் மட்டும் இப்படி இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த கிறிஸ் பெய்ல் குழு, காசு கொடுத்து ஆட்களை ஒரு மாதம் எதிர் அணிப் பதிவுகளை மட்டும் அனுப்பும் ட்விட்டர் கணக்கைப் பின்தொடர வைத்தது. 2018ல் முடிவு வெளியானது. குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் பக்கம் இன்னும் இறுகிப் போனார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் மாற்றம் கண்டுகொள்ளும் அளவில் இல்லை. யாரும் நடுவுக்கு வரவில்லை.

காரணம் எனக்கு இப்படித் தோன்றுகிறது. நான் பின்தொடர்ந்த பத்துப் பேரும் கத்திப் பேர் வாங்கியவர்கள். அதே கட்சிக்கு ஓட்டுப் போடுகிற என் கடைப் பையன் எக்ஸிலேயே இல்லை. அவனிடம் ஒருநாள் கேட்டேன், ஏன்டா அந்தக் கட்சி என்று. "எங்க ஊருக்கு ரோடு போட்டுக் குடுத்தாங்கண்ணா. அதுக்கு முன்னால மழ வந்தா ஸ்கூலுக்குப் போக முடியாது." இந்தப் பதிலை எந்தக் கணக்கும் எனக்குக் காட்டியதில்லை.

22 செப்டம்பர் 2024

"எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்றவருக்கு.

1990களில் இனப்போர் நடந்த போஸ்னியா நாட்டில் ஒரு சோதனை நடந்தது. ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை நினைவு வாரத்தில் சிலரை ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். வெறுப்புப் பேச்சு குறைவாகக் கண்ணில் பட்டால் வேற்று இனத்தவர் மேல் நல்லெண்ணம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் முடக்கியவர்களிடம் அந்த நல்லெண்ணம் குறைந்தது. ஊரில் தன் இனத்தாரோடு மட்டுமே பழகுகிறவர்களிடம் அது அதிகம் தெரிந்தது. அவர்களுக்கு வேற்று இனத்தவர் கண்ணில் பட்ட ஒரே இடம் ஃபேஸ்புக்தான் போலிருக்கிறது. கோபமாகவோ சண்டையாகவோ இருந்தாலும் அங்கேதான் ஒரு பிறந்தநாள் படம், ஒரு சமையல் படம் நடுவில் வந்துபோகும்.

ஆகவே ஃபோனை மூடினால், திறந்து வைக்க வேறு கதவு வேண்டும். எனக்கு இருந்த கதவு களத்துக்காரன்.

30 செப்டம்பர் 2025

ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன்.

கரூர் எங்களுக்குத் தூரமில்லை, வெள்ளக்கோயில் தாண்டினால் அந்தப் பக்கம்தான். சனிக்கிழமை ராத்திரி ஒரு கட்சியின் பிரசாரத்தில் கூட்ட நெரிசலில் செத்தவர்கள் 41 பேர், குழந்தைகளும் சேர்த்து. எங்கள் குரூப்பில் ஒருத்தியின் தங்கையைக் கரூரில்தான் கொடுத்திருக்கிறது. எட்டே முக்காலுக்கு, "தங்கச்சி வூட்டுக்காரர் கூட்டத்துக்குப் போயிருக்காரு, ஃபோன் எடுக்கல, யாராச்சும் அங்க இருக்கீங்களா" என்று போட்டாள். அதற்கு அடுத்து வந்தது ஒரு மீம். அதற்கு அடுத்து எதிர் மீம். எந்தக் கட்சி மேல் பழி என்று பதினோரு மணி வரை போனது. ஆஸ்பத்திரியில் ஆட்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் கேட்ட கேள்வி மேலே போய் மறைந்துவிட்டது.

அவள் நம்பருக்கு நான் கூப்பிட்டபோது பன்னிரண்டு மணி. தங்கை வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்திருந்தார், சட்டை கிழிந்து, கையில் அடியோடு. "குரூப்ல ஒருத்தர்கூட கேக்கலயே" என்றாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அந்த மூன்று மணி நேரமும் நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன். அட்மின் நான்.

1 அக்டோபர் 2025

குரூப்பைப் பூட்டிவிட்டேன். அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றி வைத்திருக்கிறேன். சரியா தப்பா தெரியவில்லை.

5 அக்டோபர் 2025

2024 ஜூன் 9ஆம் தேதி எழுதியதில், களத்துக்காரன் "கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போனான்" என்று இருக்கிறது. அது முழு உண்மை இல்லை. திருத்துகிறேன்.

ஏப்ரலில் அவன் தன் தலைவர் பேசிய வீடியோ ஒன்றைப் போட்டான். கூடவே இரண்டு வரி, அவனே எழுதியது: தேங்காய் விலை பற்றி இவர்தான் பேசினார், அதனால் இவருக்கு ஓட்டு என்று. அவன் ஐந்து வருடமாகத் தேங்காய் விலையில் அடிபட்டவன், நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதற்கு நான் என்ன செய்தேன்? அந்த வீடியோவில் தலைவர் தடுமாறிய ஒரு நொடியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வட்டம் போட்டு, கீழே "எரியுதா மாப்ள?" என்று எழுதிப் போட்டேன். சிரிப்பு முகங்கள் வந்துகொண்டே இருந்தன, இருபத்தைந்து முப்பது இருக்கும். ஒவ்வொன்று வரும்போதும் ஃபோன் அதிர்ந்ததும், எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவியதும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நல்லா இருந்தது. சாயங்காலம் அவன் வெளியேறிய செய்தி வந்தது. அதற்கும் ஒருவன் சிரிப்பு முகம் போட்டான். நான் அவனைக் கண்டிக்கவில்லை.

ஜூன் 13ஆம் தேதி "எரியுதா" என்ற வார்த்தையைப் பற்றி அவ்வளவு எழுதினேனே, அது யாரோ புழங்கிய வார்த்தை போல எழுதினேன்.

இன்னொன்று. இந்த வருடம் மார்ச்சில் அவன் அப்பா இறந்துவிட்டார். குரூப்பில் அவன் இல்லாததால் செய்தி வரவில்லை. எனக்கு ஐந்தாம் நாள்தான் தெரியும், வார்னிஷ் வாங்கப் போன கடையில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். பள்ளிக்கூட நாளில் அந்த வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அவன் அப்பா எனக்கும் சேர்த்துத்தான் இளநீர் வெட்டி வைப்பார். துக்கம் விசாரிக்கப் போகவேண்டும் என்று வண்டியை எடுத்தேன், பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

நம்மூருக்கு அளவுகோல் நல்லது கெட்டது என்று நானேதான் இங்கே எழுதியிருக்கிறேன்.

7 டிசம்பர் 2025

போன மாதக் கடைசியில் சயின்ஸ் இதழில் வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், இங்கே கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2024 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில், சுமார் 1,200 பேரின் எக்ஸ் பக்கத்தில் பதிவுகளின் வரிசையை மட்டும் மாற்றினார்கள். எதையும் அழிக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் மேல் வெறுப்பைக் கக்கும் பதிவுகளைச் சிலருக்குக் கீழே தள்ளினார்கள், சிலருக்கு மேலே ஏற்றினார்கள். பத்து நாள்தான். அந்த 100 டிகிரி தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரிக்கு மேல் நகர்ந்தது, தள்ளியவர்களுக்குப் பிரியம் கூடியது, ஏற்றியவர்களுக்குக் குறைந்தது. வழக்கமாக அந்த அளவு மாற மூன்று வருடம் ஆகும் என்கிறார்கள்.

இரண்டு டிகிரி சின்னது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் மோட்டார் ஓடும், சூடு மட்டும் கொஞ்சம் ஏறும். வருடக்கணக்கில் அப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவும் தவிர, அவர்கள் கம்பெனியிடம் அனுமதி கேட்காமல் பிரவுசரில் ஒரு சின்ன மென்பொருளை வைத்தே இதைச் செய்தார்கள். வெளியாட்களால் முடிகிறது என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு ஏன் முடியாது? சட்டமன்றத் தேர்தல் வேறு வரப்போகிறது.

ஆனால் என் குரூப்புக்கு இது பொருந்தாது. அங்கே வரிசையை மாற்ற மெஷின் இல்லை, நான்தான் இருக்கிறேன்.

14 டிசம்பர் 2025, ஞாயிறு

இன்று காலை களத்துக்குப் போனேன்.

அவன் இல்லை, சந்தைக்குப் போயிருந்தான். அவன் அம்மா களத்து ஓரத்தில் உட்கார்ந்து தேங்காய்ப் பருப்பைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலையில் அவர்களை இன்றுதான் பார்த்தேன். கண்ணுக்கு மேல் கையை வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, "வா கண்ணு. ஏஞ்சாமி இத்தன நாளாக் காணோம்? அப்பன் போனதுக்குக்கூட வர்லியே, ஒடம்புக்கு எதும் முடியலியா?" என்றார்கள்.

குரூப், வீடியோ, கட்சி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவன் சொல்லவே இல்லை. ஒன்றரை வருடமாக வீட்டில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு அவன் வந்தான். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து போய், அன்றைக்கு நான் போட்டது தப்பு என்றேன். வழி நெடுக நிறைய யோசித்துக்கொண்டு போயிருந்தேன், அவ்வளவுதான் வாயில் வந்தது. அவன், "முப்பது பேரு சிரிச்சாங்கடா" என்றான். அப்புறம், "அதுல பாதிப் பேரு எங்கிட்ட கடன் வாங்கினவனுக" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா மோர் கொண்டுவந்தார்கள். கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டிய மாதம் அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று அவன்தான் பேச்சை ஆரம்பித்தான். யாருக்கு ஓட்டு என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் மாறியிருக்கமாட்டான், நானும் மாறவில்லை.

கிளம்பும்போது குரூப்பில் மறுபடி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "அது வேண்டாம். ஃபோன் பண்ணு" என்றான்.

மோட்டார் ரூமில் ஏழரை எச்பி ஒன்று கழற்றிப் போட்டுக் கிடந்தது, போன வாரம் எரிந்ததாம். வண்டியில் ஏற்றி வந்து சாயங்காலம் மூடியைத் திறந்தேன். இரண்டு பேஸ் காயில் கருகி, ஒன்று மட்டும் புதுசாட்டம் இருக்கிறது. ஒரு பேஸ் வராமல் ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டார்ட்டரில் பாதுகாப்பு ரிலே வேலை செய்யவில்லை போல, அதையும் பார்க்க வேண்டும். வெள்ளக்கோயிலில் கட்டிய காயில் நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. புதன்கிழமை நானே கொண்டுபோய் மாட்டுகிறேன்.